எடையும் தண்ணீரும்: கராச்சர்மாவை முன்வைத்துக் குழந்தைப் பாலூட்டல் பற்றி

கைக்குழந்தையின் எடை ஏறாவிட்டால் பழி முதலில் தாய்ப்பாலின் மேல் விழுகிறது. ‘பால் பத்தலை’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்ன மறுநாளே பால்பவுடர் டின் வந்துவிடும். அந்தத் தீர்ப்புக்குச் சான்றாக நிற்கும் எடைக்கோடு எந்தக் குழந்தைகளை அளந்து வரையப்பட்டது என்று கேட்பவர் அரிது.

அமெரிக்காவில் 1977-இல் வெளியான வளைகோடுகளே நெடுங்காலம் உலகெங்கும் வழக்கில் இருந்தன. பச்சிளம் பருவத்துக்கான அவற்றின் தரவுகள் 1929 முதல் 1975 வரை ஒஹையோ மாநிலத்தில் அளக்கப்பட்ட, பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த குழந்தைகளுடையவை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை முதல் இரண்டு மூன்று மாதங்களில் விறுவிறுவென ஏறும், பிறகு நிதானப்படும். இயல்பான அந்த நிதானம் பழைய கோட்டில் நலிவாகத் தெரிந்தது. ஆறு நாடுகளில், தெற்கு டெல்லி உட்பட ஆறு இடங்களில், தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்து, 2006-இல் உலக சுகாதார நிறுவனம் புதிய தரத்தை வெளியிட்டது. எடைக்கோடு மாறியது. வீட்டாரின் கண் இன்னும் மாறவில்லை என்பதே என் கணிப்பு.

வேகமான எடையேற்றம் நல்ல ஊட்டத்தின் அடையாளம் என்பதும் ஆராயத்தக்கது. தாய்ப்பாலில் 100 மில்லிலிட்டருக்குப் புரதம் ஏறத்தாழ 1 கிராம்; பசும்பாலில் 3 கிராமுக்கு மேல். ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் நடந்த சோதனையில், புரதம் மிகுந்த பவுடர்பால் குடித்த குழந்தைகள் இரண்டு வயதில் கூடுதல் எடையோடு இருந்தனர், உயரம் கூடவில்லை. மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பெலாரஸில் 17,046 குழந்தைகளைத் தொடர்ந்த சோதனையில், தாய்ப்பாலூட்டலை ஊக்குவித்த மருத்துவமனைகளின் குழந்தைகள் பிற்காலத்தில் உயரமாகவோ ஒல்லியாகவோ வளர்ந்துவிடவில்லை. ஆனால் முதல் ஆண்டில் வயிற்றுத் தொற்று கண்டவர்கள் 13.2 விழுக்காட்டிலிருந்து 9.1 ஆகக் குறைந்தனர். தாய்ப்பாலுக்காக வாதாடுபவர்கள் வளர்ச்சியை விட இந்தத் தொற்றுக் கணக்கை முன்னிறுத்துவதே நேர்மை.

போர்ட் பிளேரை (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஒட்டிய கராச்சர்மாவுக்கு இந்தத் தொற்றுக் கணக்கு நேரடியாகப் பொருந்தும். தென் அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்தாலும், தனிகாரி அணையை நம்பியிருக்கும் இந்தப் பகுதியில் கோடையில் குழாய்த் தண்ணீருக்குத் தட்டுப்பாடு வருகிறது. பிடித்துவைத்த நீரில் புட்டியைக் கழுவி, அதே நீரில் பவுடரைக் கரைக்கும் வீட்டில் டின்னில் அச்சடித்த ஊட்டக் கணக்கு செல்லாது. வயிற்றுப்போக்கு உண்டதைக் கொண்டுபோய்விடும். டின்னை நீட்டிக்க நீரைக் கூட்டிக் கரைத்தாலோ, புட்டி நிறைந்திருக்கும், ஊட்டம் இராது. அந்தமானையும் தாக்கிய 2004 சுனாமிக்குப் பின் புதுச்சேரியின் பாதிக்கப்பட்ட கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. நிவாரணமாக வந்த பால்பவுடர் கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு மற்றவர்களைப் போல மூன்று மடங்கு இருந்தது. தாய்ப்பால் மாற்றுகளின் விளம்பரத்தையும் இலவச விநியோகத்தையும் கட்டுப்படுத்தும் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதும் நடைமுறையில்தான் இருந்தது. பால் சுரப்பு உண்மையிலேயே குறைந்த தாய்மார் சிலர் உண்டு. அவர்களுக்கும் புட்டியைவிட எளிதில் கழுவிக் கொதிக்கவைக்கக்கூடிய பாலாடையோ கிண்ணமோ மேல்.

ஆறு மாதம் கடந்தபின் கேள்வியே வேறாகிறது. அப்போது தாய்ப்பால் மட்டும் போதாது, குறிப்பாக இரும்புச்சத்துக்கு. மீன் தாராளமாகக் கிடைக்கும் இத்தீவில் முள் நீக்கி மசித்த மீனும் பருப்புச் சோறும் ஏழாம் மாதத்திலேயே தொடங்கலாம். அங்கன்வாடித் தராசில் எடை தேங்கும் ஏழெட்டு மாதக் குழந்தையின் தாயிடம் பால் சுரப்பைப் பற்றிக் கேட்கும் முன், நேற்று குழந்தை எதை, எத்தனை வேளை உண்டது என்று கேட்க வேண்டும்.