சித்ரா இதய வால்வு: தோற்றுப்போன மூன்று மாதிரிகளின் வரலாறு

உடலுக்குள் வைக்கப்படும் மருத்துவக் கருவிகளைக் கழற்றக்கூடியவை, கழற்ற முடியாதவை என இரண்டாகப் பிரிக்கலாம். கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழலுக்குள் பொருத்தும் டிரக்கியாஸ்டமி குழாய் முதல் வகையைச் சேர்ந்தது. அதன் உட்குழாயில் சளி அடைத்துக்கொண்டால் செவிலியர் அதை உருவிக் கழுவி மீண்டும் செருகுவார். வெளிக்குழாய் பழுதானால் புதியதை மாற்றுவார்கள். வடிவமைப்பில் எஞ்சிய குறையை அன்றாடப் பராமரிப்பு ஓரளவு ஈடுகட்டிவிடும். செயற்கை இதய வால்வுக்கு அந்த வாய்ப்பே இல்லை. இதயத்தை நிறுத்தி, வால்வைத் தைத்து, மார்பை மூடியபின் அதைத் துடைக்கவோ இறுக்கவோ யாராலும் இயலாது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடியே 80 லட்சம் முறை அது திறந்து மூட வேண்டும். அதன் கூட்டில் ஓர் இணைப்பு விட்டுப்போனால் நோயாளி சில மணி நேரத்துக்குள் இறந்துவிடலாம்.

அத்தகைய ஒரு பொருளை உருவாக்கும் பணி 1970களின் இறுதியில் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. 1990 டிசம்பரில் முதல் மனித இதயத்தில் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு அதன் விளைவு. இந்த வரலாறு வழக்கமாக ஒரே வாக்கியத்தில் சொல்லப்படுகிறது: இறக்குமதி வால்வை வாங்க இயலாத ஏழை நோயாளிகளுக்காக இந்தியா மலிவான வால்வு ஒன்றைச் செய்தது. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த வால்வுக்கு முன் மூன்று மாதிரிகள் தோற்றன என்பதும், அந்தத் தோல்விகளே நான்காவதன் வடிவத்தைத் தீர்மானித்தன என்பதும் இந்த வாக்கியத்தில் இடம்பெறுவதில்லை.

தேவை எங்கிருந்து எழுந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மேலைநாடுகளில் வால்வு மாற்று சிகிச்சை பெரும்பாலும் முதியோருக்கு உரியதாக மாறிக்கொண்டிருந்த காலத்தில், இந்தியாவில் அதை நாடி வந்தவர்களில் பலர் இளைஞர்கள். சிறுவயதில் தொண்டையைத் தாக்கும் ஒரு வகை பாக்டீரியா, உரிய நேரத்தில் பென்சிலின் கிடைக்காத குழந்தைகளிடம் ருமாட்டிக் காய்ச்சலை உண்டாக்கக்கூடும். அந்தக் காய்ச்சல் இதய வால்வுகளைத் தடிக்கச் செய்து சுருக்கிவிடும். நெருக்கமான வீடுகளிலும் வறிய குடும்பங்களிலும் இது மிகுதி. நோய் வெளித்தெரியும்போது நோயாளி இருபதுகளிலோ முப்பதுகளிலோ இருப்பார். பெண்ணாக இருந்தால், முதல் கருவுறுதலின் மூச்சுத்திணறலே நோயின் முதல் அறிவிப்பாக அமைவதும் உண்டு. இத்தகைய ஒருவருக்குப் பொருத்தும் வால்வு பல பத்தாண்டுகள் உழைத்தாக வேண்டும்.

இந்தத் தேவைக்கு ஈடுகொடுக்கும் நிறுவனம் திருவனந்தபுரத்தில் உருவானதற்கு ஓர் அரசியல் பின்னணி உண்டு. 1973இல் திருவிதாங்கூர் அரச குடும்பம் பல மாடிக் கட்டடம் ஒன்றைக் கேரள மக்களுக்கென அரசிடம் அளித்தது. முதலமைச்சர் சி. அச்சுத மேனன் அதை உயர்சிகிச்சை மையமாக்க விரும்பி, இதய அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தானிடம் பொறுப்பை ஒப்படைத்தார். மாவேலிக்கரையில் பிறந்து, திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியிலும் இங்கிலாந்திலும் பயின்ற வலியத்தான், அமெரிக்காவில் சார்லஸ் ஹஃப்னகலிடம் பயிற்சி பெற்றவர். 1952இல் மனித உடலில் முதன்முதலாகச் செயற்கை வால்வைப் பொருத்தியவர் அந்த ஹஃப்னகலே.

அறுவை அரங்கும் பொறியியல் ஆய்வகமும் ஒரே நிர்வாகத்தின்கீழ் இயங்க வேண்டும் என்பது வலியத்தானின் நிலைப்பாடு. மருத்துவமனை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இயங்க, பூஜப்புரையில் சேது லட்சுமி பாயி வாழ்ந்த சாடெல்மண்ட் அரண்மனை உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவானது. 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாயிற்று. அது சுகாதார அமைச்சகத்தின்கீழ் வராமல் அறிவியல் தொழில்நுட்பத் துறையின்கீழ் வந்தது தற்செயலானதன்று. கருவிகளைப் பயன்படுத்துவதோடு அவற்றைப் படைப்பதும் அதன் பணியாக வகுக்கப்பட்டிருந்தது.

பொறியாளர் ஜி. எஸ். புவனேஸ்வர் உள்ளிட்ட குழு தேர்ந்துகொண்டது சாய்தட்டு வகை வால்வு. 1960இல் வந்த ஸ்டார்–எட்வர்ட்ஸ் வால்வில் கூண்டுக்குள் ஒரு பந்து மேலும் கீழும் ஓடும். இரத்தம் பந்தைச் சுற்றிக்கொண்டு செல்ல வேண்டும். 1969இல் அறிமுகமான பியார்க்–ஷைலி வால்வில் பந்துக்குப் பதிலாக ஒரு வட்டத்தட்டு வந்தது. இரத்தம் தள்ளும்போது தட்டு கதவைப்போலச் சாய்ந்து வழிவிடும். இரத்தம் திரும்ப முயலும்போது படிந்து அடைத்துக்கொள்ளும். உறுப்புகள் மூன்றே: உலோகக் கூடும் அதன் தாங்குகம்பிகளும், அவற்றுக்கிடையே அசையும் தட்டு, இதயத் தசையோடு தைப்பதற்கான துணிவளையம். எளிமையாகத் தோன்றும் இந்த அமைப்பில் சிக்கல் முழுவதும் இந்த உறுப்புகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் இருந்தது. தமிழ் இலக்கணம் சொற்களின் புணர்ச்சியைத் தனி இயலாக ஆராய்வதற்கு இணையான காரணம் இங்கும் உண்டு. தனித்தனியே பிழையற்ற இரண்டு, சேரும் இடத்தில் எப்படி மாறும் என்பதைத் தனியாகவே அறிய வேண்டியிருக்கிறது.

முதல் மாதிரியில் கூடு டைட்டேனியத்தால் ஆனது. தாங்குகம்பி அதனோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. டைட்டேனியம் இலேசானது, அரிக்காதது, உடல் ஏற்றுக்கொள்வது. எனினும் உருகும் சூட்டில் பற்றவைத்த இடத்தில் உலோகத்தின் இயல்பு மாறி நொறுங்கும் தன்மை கூடிவிடும். சோதனை இயந்திரத்தில் தாங்குகம்பி அந்தப் பற்றவைப்பில் முறிந்தது.

இரண்டாம் மாதிரியில் டைட்டேனியக் கூட்டோடு நீலக்கல் தட்டு இணைந்தது. ஆய்வகத்தில் வளர்க்கப்படும் நிறமற்ற ஒற்றைப் படிகமான அது கிட்டத்தட்ட தேயாது; மேற்பரப்பு கண்ணாடிபோல் வழுவழுப்பானது. ஆனால் தட்டின் கடினமே கூட்டுக்குக் கேடாயிற்று. உரசும்போது டைட்டேனியம் எளிதில் தேயும் உலோகம். கல் அப்படியே இருக்க, அதைத் தாங்கிய கம்பி கரைந்தது.

மூன்றாம் மாதிரியில் டைட்டேனியம் விலக்கப்பட்டு, விமான எஞ்சின்களில் பயன்படும் ஹெய்ன்ஸ்–25 எனும் உலோகக் கலவை வந்தது. கோபால்ட்டோடு குரோமியம், டங்ஸ்டன், நிக்கல் சேர்ந்த அது உரசலை நன்கு தாங்கியது. இம்முறை தோற்றது நீலக்கல். மிகக் கடினமான பொருள்கள் பெரும்பாலும் வளைந்துகொடுப்பதில்லை; ஒரு நுண்பிளவு போதும். தட்டு உடைந்தது.

நான்காம் மாதிரி மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு பின்வாங்கல்போலத் தோன்றும். தட்டுக்கு எடுக்கப்பட்டது மீவுயர் மூலக்கூறு எடை பாலிஎத்திலீன், அதாவது ஒரு பிளாஸ்டிக். பியார்க்–ஷைலியின் தொடக்ககால பிளாஸ்டிக் தட்டு ஈரத்தை உறிஞ்சிப் பருத்ததால் கைவிடப்பட்டு, உலகம் பைரோலிடிக் கார்பனுக்கு மாறியிருந்த காலம் அது. அணு எரிபொருள் துகள்களுக்குப் பூச்சாக உருவான அந்தக் கார்பனைச் செய்யும் நுட்பம் சில நிறுவனங்களின் கையில் மட்டுமே இருந்தது. பாலிஎத்திலீனோ ஈரத்தை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. 1962 முதல் ஜான் சார்ன்லியின் செயற்கை இடுப்பு மூட்டில் உலோகப் பந்தோடு உரசிப் பழகிய பொருள் அது. உலோகத்தைத் தேய்க்காது, தானும் உடையாது, மூடும்போது எழும் ஓசையும் குறைவு. கூடு ஹெய்ன்ஸ்–25இன் ஒரே துண்டிலிருந்து தாங்குகம்பிகளோடு சேர்த்தே கடைந்தெடுக்கப்பட்டது. பற்றவைப்பு எங்கும் இல்லை. முதல் மாதிரி எங்கே முறிந்ததோ அந்த இணைப்பையே வடிவமைப்பிலிருந்து நீக்கியதுதான் முதல் தோல்விக்குக் கிடைத்த விடை.

இந்த முடிவு எவ்வளவு முக்கியமானது என்பதை அதே காலத்தில் வேறிடத்தில் நிகழ்ந்த ஒன்று காட்டுகிறது. 1979 முதல் 1986 வரை விற்பனையான பியார்க்–ஷைலி குவி–குழிவு வால்வு உலகெங்கும் சுமார் 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. அதன் ஒரு தாங்குகம்பி கூட்டோடு ஒன்றாகவே உருவானது, மற்றொன்று பற்றவைக்கப்பட்டது. பற்றவைத்த கம்பி சிலரின் உடலுக்குள் முறிந்து, தட்டு விடுபட்டு இரத்த ஓட்டத்தில் சென்றது, பலர் இறந்தனர். 1986இல் வால்வு சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த வால்வின் கூடும் கோபால்ட் கலவையே. உலோகம் சிறந்ததாக இருந்தும் இணைப்பு காப்பாற்றவில்லை. திருவனந்தபுரத்தில் சோதனை இயந்திரத்தில் வெளிப்பட்ட அதே வகைப் பலவீனம் அங்கே நோயாளிகளின் மார்பில் வெளிப்பட்டது. சித்ரா குழுவினர் அதிக மேதைகளாக இருந்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. தோற்ற மாதிரியைத் திருத்தி ஒட்டவைக்காமல் தூக்கி எறியும் அவகாசமும், அந்தச் செலவைப் பொறுத்துக்கொண்ட பொது நிதியும் அவர்களுக்கு இருந்தன.

வால்வின் உழைப்புத்திறனை அளக்க, இயற்கையான துடிப்பைவிடப் பல மடங்கு வேகத்தில் அதைத் திறந்து மூடும் இயந்திரங்கள் உண்டு. கடினத் தட்டுள்ள வால்வுகளுக்குப் பத்தாண்டுத் துடிப்புக்கு நிகரான 40 கோடிச் சுழற்சி என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட அளவுகோல். இயந்திரச் சோதனைக்குப்பின் செம்மறியாடுகளில் பொருத்திப் பார்த்தார்கள். 1990 டிசம்பரில் தொடங்கி 1995 ஜனவரி வரை இந்தியாவின் ஆறு மருத்துவமனைகளில் 306 நோயாளிகளுக்கு வால்வு பொருத்தப்பட்டுக் கண்காணிக்கப்பட்டது. தயாரிப்பு உரிமை சென்னையின் டி.டி.கே. குழுமத்துக்குச் சென்றது. தமிழ் வீடுகள் பிரஷர் குக்கரால் அறிந்திருந்த அந்தக் குழுமம் திருவனந்தபுரத்திலேயே ஆலை அமைத்தது. இன்றுவரை பொருத்தப்பட்ட சித்ரா வால்வுகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைக் கடந்துள்ளது. இரத்தப் பை உள்ளிட்ட வேறு கருவிகளும் பூஜப்புரை ஆய்வகத்திலிருந்து தொழிற்சாலைக்குச் சென்றன.

இந்த வெற்றியின் எல்லையையும் சொல்ல வேண்டும். எந்த உலோக வால்வும் இரத்தத்துக்கு அந்நியப் பொருளே. அதில் கட்டி உறையாதிருக்க நோயாளி வாழ்நாள் முழுவதும் மாத்திரை உட்கொள்ள வேண்டும். அளவு கூடினால் இரத்தக்கசிவு, குறைந்தால் உறைகட்டி. அதற்காகக் குறித்த இடைவெளியில் ஐ.என்.ஆர். சோதனை தேவை. குமரி மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூரிலிருந்து திருவனந்தபுரம் வந்து வால்வு பொருத்திக்கொண்டவருக்கு அந்தச் சோதனை அருகில் கிடைக்குமா, கருவுற்ற காலத்தில் மருந்தை மாற்றித் தரும் மருத்துவர் கிடைப்பாரா என்பவை வால்வின் விலை குறைந்ததால் தீர்ந்துவிடும் கேள்விகள் அல்ல. தொண்டைப்புண்ணோடு வரும் குழந்தைக்கு உரிய நேரத்தில் பென்சிலின் கிடைத்தால் வால்வே தேவைப்படாமல் போகலாம் என்பதும் இதே கணக்கில் சேரும்.

2024 ஜூலையில் வலியத்தான் மறைந்தபோது வெளிவந்த அஞ்சலிகளில் ‘சுயசார்பு’ என்ற சொல் திரும்பத் திரும்ப இடம்பெற்றது. அந்தச் சொல்லுக்கு அந்நியச் செலாவணி மிச்சம் என்ற பொருள் மட்டும் போதாது. ஒரு கருவியை இறக்குமதி செய்யும்போது முடிவுற்ற பொருள் வந்துசேர்கிறது. அதன் கம்பி ஏன் இந்த அளவில் வளைந்திருக்கிறது, எந்தப் பொருளை ஏன் நிராகரித்தார்கள் என்ற அறிவு செய்தவரின் கோப்புகளிலேயே தங்கிவிடுகிறது. சித்ரா குழுவோ தன் மூன்று தோல்விகளையும், அவற்றின் காரணங்களையும் ஆய்வுக்கட்டுரைகளில் எழுதி வைத்தது. நான்காம் மாதிரியோடு சேர்த்து அந்த மூன்றையும் படிக்கும் பொறியியல் மாணவருக்கு, ஐந்தாவதை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும்.