சிட்னி பொய்ட்டியர்: தனியொருவர் சுமந்த பாரம்

பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்த எனக்கு, ஹொலிவூட் நடிகர் சிட்னி பொய்ட்டியரை நினைக்கும்போதெல்லாம் முதலில் மனக்கண்ணில் தோன்றுவது அவர் நடித்த எந்தத் திரைப்படமும் அல்ல. நியூயோர்க் உணவகமொன்றில் எச்சிற் கோப்பைகளைக் கழுவி முடித்தபின், செய்தித்தாளொன்றை விரித்து வைத்துக்கொண்டு வாசிக்க முடியாமல் திணறும் ஓர் இளைஞனின் உருவமே தோன்றுகிறது.

பொய்ட்டியரின் பெற்றோர் பஹாமாஸின் கெட் தீவைச் சேர்ந்த ஏழைத் தக்காளி விவசாயிகள். விளைச்சலை விற்பதற்காக அவர்கள் மியாமிக்குச் சென்றிருந்தபோது, 1927 பெப்ரவரி 20இல் குறைமாதக் குழந்தையாக அவர் பிறந்தார். பிழைக்காது என எண்ணிய தந்தையார், குழந்தையைப் புதைப்பதற்கு ஒரு சப்பாத்துப் பெட்டியைக்கூடக் கொண்டுவந்துவிட்டாராம். அந்தக் குழந்தை 94 ஆண்டுகள் வாழ்ந்து, 2022 ஜனவரி 6இல் லொஸ் ஏஞ்சல்ஸில் கண்மூடியது.

பதினைந்து வயதில் மியாமிக்கும், அடுத்த ஆண்டு நியூயோர்க்குக்கும் வந்த அவருக்குக் கிடைத்தது கோப்பை கழுவும் வேலையே. நடிகர்கள் தேவை என்ற அறிவிப்பைக் கண்டு ஹார்லெமிலிருந்த அமெரிக்க நீக்ரோ நாடக அரங்குக்குச் சென்றார். தீவு மக்களின் உச்சரிப்பையும் தடுமாறும் வாசிப்பையும் கேட்டவர்கள், போய்க் கோப்பை கழுவு என்று விரட்டிவிட்டார்கள். அவர் உண்மையிலேயே அந்த வேலையைத்தான் செய்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்தச் சொல்லே அவரைச் சுட்டது. வானொலி அறிவிப்பாளர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தன் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டார். உணவகத்தில் பணியாற்றிய வயோதிப யூதப் பரிசாரகர் ஒருவர், வேலை முடிந்த இரவுகளில் பல வாரங்கள் அருகமர்ந்து, செய்தித்தாளைக் கொண்டே அவருக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்.

பொய்ட்டியர் நுழைந்த ஹொலிவூட் எத்தகையது என்பதை இங்கு சொல்ல வேண்டும். 1940இல் ஒஸ்கார் விருது பெற்ற முதல் கறுப்பினத்தவரான ஹெட்டி மெக்டானியல், விருது வழங்கிய மண்டபத்திலேயே சக நடிகர்களிடமிருந்து விலக்கி வைக்கப்பட்ட சிறிய மேசையில்தான் அமர்ந்திருந்தார். அவருக்கு விருது பெற்றுத் தந்ததும் பணிப்பெண் வேடம். கறுப்பின நடிகர்களுக்குத் திரையில் வேலைக்காரராகவும் கோமாளியாகவும் வருவதே விதி என்றிருந்த காலம் அது. 1950இல் வெளிவந்த ‘நோ வே அவுட்’ படத்தில் பொய்ட்டியர் மருத்துவராகத் தோன்றினார்.

ஆனாலும் வறுமை விலகவில்லை. மனைவி பிரசவத்தை எதிர்நோக்கியிருந்த வேளையில், வாரத்துக்கு 750 டொலர் சம்பளத்தில் ஒரு வேடம் தேடி வந்தது. மகளைக் கொன்றவர்களுக்கு எதிராக எதுவும் செய்யாமல் ஒடுங்கிப்போகும் தந்தையின் பாத்திரம் அது. தன் தந்தை அப்படிப்பட்டவரல்லர் என்று எண்ணிய பொய்ட்டியர் அதை மறுத்துவிட்டு, வீட்டுத் தளபாடங்களை ஈடுவைத்து மருத்துவமனைச் செலவுக்கு 75 டொலர் கடன் வாங்கினார்.

1964 ஏப்ரலில், ‘லிலீஸ் ஒப் த பீல்ட்’ படத்துக்காகச் சிறந்த நடிகருக்கான ஒஸ்காரைப் பெற்ற முதல் கறுப்பினத்தவரானார். சிவில் உரிமைகள் சட்டமூலம் அப்போது செனட் சபையில் இழுபறிப்பட்டுக்கொண்டிருந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில், நண்பர் ஹரி பெலபொன்டேயுடன் 70,000 டொலர் ரொக்கத்தைப் பையில் சுமந்து, மிசிசிப்பியில் கறுப்பினத்தவரை வாக்காளராகப் பதியப் பாடுபட்ட இளைஞர்களிடம் சேர்ப்பித்தார். வழியில் இனவெறியர்களின் வாகனங்கள் அவர்களைத் துரத்தின.

1967இல் ‘டு சேர், வித் லவ்’, ‘இன் த ஹீட் ஒப் த நைட்’, ‘கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்’ ஆகிய மூன்று படங்கள் வெளியாகின. இரண்டாவது படத்தில் வெள்ளையினப் பண்ணை முதலாளி ஒருவர் அவரைக் கன்னத்தில் அறைய, அவர் கணமும் தாமதியாது திருப்பி அறைகிறார். ஹொலிவூட் படமொன்றில் அது அன்று நினைத்தும் பார்க்க முடியாத காட்சி. அந்தப் படம் சிறந்த படமாகத் தெரிவாகியது. சக நடிகர் ரொட் ஸ்டைகர் சிறந்த நடிகரானார். பொய்ட்டியரின் பெயர் பரிந்துரைப் பட்டியலிலேயே இல்லை. மார்ட்டின் லூதர் கிங்கின் படுகொலை காரணமாக இரு நாட்கள் பிற்போடப்பட்ட விழா அது.

புகழின் உச்சியில் நின்ற அந்த ஆண்டிலேயே கண்டனமும் வந்தது. 1967 செப்டெம்பரில் நியூயோர்க் டைம்ஸில் எழுதிய கறுப்பின நாடகாசிரியர் கிளிபர்ட் மேசன், பொய்ட்டியரின் பாத்திரங்கள் வெள்ளையருக்கு உவப்பானவை, சொந்த வாழ்வற்றவை எனச் சாடினார். அதற்கு முன்பே, 1958இல் வந்த ‘த டிபையன்ட் வன்ஸ்’ படத்தில், வெள்ளையினத் தோழனுக்காக அவர் தப்பிச்செல்லும் ரயிலிலிருந்து குதித்தபோது, ஹார்லெம் பார்வையாளர்கள் ஆத்திரத்துடன் கூச்சலிட்டதை எழுத்தாளர் ஜேம்ஸ் போல்ட்வின் பதிவு செய்திருக்கிறார்.

இந்தக் கண்டனத்தில் உண்மை இல்லாமலில்லை. அவருடைய பாத்திரங்கள் கோபத்தை அடக்கியவை; காதலிலும் கட்டுப்பட்டவை; குற்றமே காண முடியாதவை. ஆனால், நூறு வெள்ளை நடிகர்களுக்குத் திருடனாகவும் குடிகாரனாகவும் காதலனாகவும் நடிக்கும் சுதந்திரம் இருந்தபோது, வாசலில் நுழைய விடப்பட்ட ஒரேயொரு கறுப்பின நாயகன், தன் இனம் முழுவதற்கும் நற்சான்றிதழாக நிற்க நேர்ந்தது. அவர் ஒருமுறை தவறினால், ஒரு நடிகன் தவறியதாக எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். என் மனதில் பட்டதைச் சொல்வதானால், குற்றம் அவரது நடிப்பில் இல்லை. ஒருவருக்கு மட்டும் கதவைத் திறந்த கட்டமைப்பில்தான் இருக்கிறது. அடுத்த கறுப்பினத்தவர் சிறந்த நடிகராக அந்த விருதைப் பெற 38 ஆண்டுகள் பிடித்தன என்பதே அதற்குச் சான்று. 2002இல் டென்சல் வொஷிங்டன் அதைப் பெற்ற அதே இரவில், பொய்ட்டியருக்குக் கௌரவ ஒஸ்கார் வழங்கப்பட்டது.

புகழ் வந்தபின், தனக்கு வாசிக்கக் கற்றுத்தந்த அந்தப் பரிசாரகரைத் தேடி நன்றி சொல்ல அவர் விரும்பினார். ஆனால் கண்டுபிடிக்க முடியவில்லை. முதுமையில் தொலைக்காட்சி நேர்காணலொன்றில் இதைச் சொன்னபோது அவர் கண் கலங்கினார். நாம் அச்சிட்ட தாள் மறுநாள் கடலை சுற்றப் போய்விடுகிறது என்று எங்கள் தொழிலில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எங்கோ ஓர் உணவகத்தின் மூலையில் அது ஒரு மனிதனுக்குப் பாடநூலாகவும் ஆகலாம் என்பதை எனக்கு உணர்த்தியவர் சிட்னி பொய்ட்டியர்.