கனடாக் குடியேற்றமும் வேலைக்கான முன்தயாரிப்பும்

கனடாவுக்குத் திறன்சார் தொழிலாளராகக் குடியேற விரும்புவோர் இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும். ஒன்று, நிரந்தர வசிப்புரிமை (பேச்சுவழக்கில் ‘பி.ஆர்.’) பெறுவது. மற்றொன்று, அங்கே தன் தொழிலிலேயே வேலை தேடிக்கொள்வதற்கு ஊரில் இருக்கும்போதே ஆயத்தமாவது. முதலாவதற்கு ஏஜென்டுகளும் யூடியூப் காணொளிகளும் ஏராளம். இரண்டாவதைப் பற்றிப் பெரும்பாலோர் விமானம் இறங்கிய பிறகுதான் யோசிக்கிறார்கள். படித்துப் பல ஆண்டு அனுபவம் பெற்றவர்கள் கிடங்கில் பெட்டி தூக்குவதிலேயே வருடங்களைக் கழிப்பதற்கு இந்தத் தாமதம் ஒரு முக்கியக் காரணம்.

புள்ளி முறை

வந்தவர் எந்த நாட்டவர் என்று பார்க்காமல் கல்வி, மொழி, வயது, தொழில் ஆகியவற்றுக்குப் புள்ளியிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கனடா 1967-இல் கொண்டுவந்தது. 2015 ஜனவரியில், விண்ணப்பதாரர்களைப் புள்ளி வரிசைப்படி சுற்றுச் சுற்றாக அழைக்கும் ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ வந்தது. இதில் ஒருவர் பெறக்கூடிய உச்சம் 1,200 புள்ளிகள். மாகாண அரசு ஒன்று பரிந்துரைத்தால் அதற்கு மட்டும் 600. வயதுக்கான முழுப் புள்ளி 20 முதல் 29 வரைதான். 45 வயதில் அது பூஜ்யமாகிவிடும். மொழித் தேர்வின் பயன் பலர் நினைப்பதைவிடப் பெரிது. ஐ.இ.எல்.டி.எஸ். பொதுத் தேர்வில் கேட்டலில் 8, மற்ற மூன்றில் 7 எடுத்தால் மொழிக்கான புள்ளி உயர்வதோடு, கல்விக்கும் அனுபவத்துக்கும் சேரும் கூடுதல் புள்ளியும் ஏறுகிறது. அரைப் புள்ளியில் தவறவிட்டவர் மறுபடி எழுதுவதே நல்லது. 2023-இல் இருந்து பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கும் மருத்துவத் துறை போன்ற சில தொழில்களுக்கும் தனிச் சுற்றுகள் நடக்கின்றன.

2025 மார்ச்சில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. கனடாவில் ஒரு நிறுவனம் வேலை தருவதாக உறுதியளித்தால் முன்பு கிடைத்த கூடுதல் புள்ளிகள் நீக்கப்பட்டன. அந்தப் புள்ளிகளுக்காகப் போலி வேலைக் கடிதங்கள் விலைக்கு விற்கப்பட்டதே காரணம். இன்றும் ‘ஆஃபர் லெட்டர் வாங்கித் தருகிறோம், இத்தனை லட்சம்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவர் கனடாவில் உரிமம் பெற்ற வழக்குரைஞராகவோ, குடியேற்ற ஆலோசகர்களுக்கான ஒழுங்குமுறை அமைப்பில் உரிமம் பெற்றவராகவோ இருந்தாக வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் இணையத்தில் திறந்தே கிடக்கிறது.

இடங்களும் குறைந்து வருகின்றன. 2025-இல் 5 லட்சம் பேரை ஏற்பதாக இருந்த திட்டம் 2024 அக்டோபரில் 3,95,000 ஆகக் குறைக்கப்பட்டது. வாடகை ஏற்றமும் வீட்டுத் தட்டுப்பாடும் இதற்குப் பின்னணி.

இந்த முறையைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஒருவருடைய பட்டத்துக்கும் பத்தாண்டு அனுபவத்துக்கும் அரசு புள்ளி போடுகிறது. ஆனால் டொராண்டோவில் ஆள் எடுக்கும் மேலாளர் அந்தப் புள்ளியைப் பார்ப்பதில்லை. தனக்குப் பழக்கமில்லாத கல்லூரியும் கேள்விப்படாத நிறுவனமும்தான் அவர் கண்ணில் படுகின்றன. ‘எங்களை வேண்டுமென்றுதானே கூப்பிட்டார்கள்?’ என்று புதிதாக வந்தவர் கேட்கும் கேள்வி நியாயமானது. ஆனால் கூப்பிட்டது ஒருவர், வேலை தர வேண்டியது வேறொருவர். இதைப் புறப்படும் முன்பே மனத்தில் வாங்கிக்கொண்டவருக்கு அங்கே முதல் ஆறு மாதம் அவமானமாகத் தெரியாது.

ஊரிலேயே சேர்க்க வேண்டிய காகிதங்கள்

பட்டத்தின் கனடிய இணைமதிப்பைச் சொல்லும் சான்றறிக்கை (இ.சி.ஏ.) ஐந்தாண்டு செல்லும், மொழித் தேர்வு முடிவு இரண்டாண்டு. அறிக்கைக்கு வேண்டிய டிரான்ஸ்கிரிப்டைப் பல்கலைக்கழகமே உறையிலிட்டு, மூடிய மடிப்பின்மேல் முத்திரை குத்தி அனுப்ப வேண்டும், அல்லது மின்வழியில் நேராக அனுப்ப வேண்டும். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் பிரிவில் இதற்கு ஆகும் நாள்களே மொத்தத் திட்டத்தையும் தள்ளிப்போடுகின்றன. பழைய அரியர் மதிப்பெண் பட்டியல் ஒன்று தொலைந்திருந்தால் இன்னும் நாளாகும். எனவே முதலில் தொடங்க வேண்டிய வேலை இது.

அதைவிடச் சிக்கலானது அனுபவக் கடிதம். நம் நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு தரும் கடிதத்தில் பொதுவாக மூன்று வரிதான் இருக்கும்: பெயர், பதவி, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை. கனடியக் குடியேற்றத் துறைக்கு இது போதாது. என்னென்ன வேலை செய்தார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் எவ்வளவு, கையெழுத்திட்டவர் யார், அவரை எப்படித் தொடர்புகொள்வது என்பதெல்லாம் நிறுவனத்தின் தாளில் இருக்க வேண்டும். அதில் எழுதியிருக்கும் வேலைகள், விண்ணப்பத்தில் குறித்த தேசியத் தொழில் வகைப்பாட்டு எண்ணின் விவரிப்போடு பொருந்தவும் வேண்டும். மனிதவளப் பிரிவு மறுத்தால் நேரடி மேலாளரிடம் கடிதம் வாங்கி, சம்பளச் சீட்டு, படிவம் 16, நியமன உத்தரவு ஆகியவற்றோடு சேர்த்து, ஏன் நிறுவனக் கடிதம் இல்லை என்ற விளக்கத்தையும் வைப்பது வழக்கம். அழைப்பு வந்த நாளிலிருந்து விண்ணப்பிக்க 60 நாள்தான் உண்டு. பழைய நிறுவனம் மூடப்பட்டு, மேலாளர் எங்கே இருக்கிறார் என்று தேடிக்கொண்டிருக்க அந்த 60 நாள் போதாது. வேலையை விட்டு வெளியே வரும்போதே இந்தக் கடிதத்தை வாங்கி வைப்பது எல்லாவற்றிலும் எளிது.

கையிருப்புப் பணத்துக்குக் கீழ்வரம்பு உண்டு. 2025 ஜூலையில் அது நான்கு பேர் குடும்பத்துக்கு 28,362 கனடிய டாலர். கடன் வாங்கிக் கணக்கில் நிறுத்திய பணம் செல்லாது. இந்தத் தொகை அரசு கேட்கும் குறைந்தபட்சம்தான். இரண்டு பிள்ளைகளோடு டொராண்டோவில் வேலையில்லாமல் ஓராண்டை ஓட்ட இது போதும் என்று எண்ணிவிடக் கூடாது.

வாகன ஓட்டுநர் உரிமத்துக்கும் ஊரில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் ஜி1, ஜி2, ஜி என்று படிப்படியாக உரிமம் தருவார்கள். ஊரில் இரண்டு ஆண்டுக்கு மேல் ஓட்டிய அனுபவத்துக்கு உரிமம் கொடுத்த இடத்திலிருந்து, அதாவது நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்தோ தூதரகத்திலிருந்தோ, சான்று காட்டினால் காத்திருப்புக் காலம் மிச்சமாகி, எழுத்துத் தேர்வு முடிந்ததும் நேராகக் கடைசி ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். பல தொழிற்பேட்டைகளுக்கு இரவு ஷிப்டில் பேருந்து கிடையாது. உரிமம் இல்லாததால் மட்டுமே கைநழுவும் வேலைகள் உண்டு.

உரிமம் வேண்டும் தொழில்கள்

கனடாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேலைகளுக்கு மாகாண உரிமம் வேண்டும். மருத்துவர், செவிலியர், பொறியாளர், வழக்குரைஞர், ஆசிரியர், மின்பணியாளர் போன்றோர் இதில் அடங்குவர். குடியேற்றத் துறை பி.ஆர். கொடுத்துவிட்டது என்பதால் உரிமமும் வந்துவிடாது. அதைத் தருவது வேறு அமைப்பு.

பொறியாளர்களிடையே இதுபற்றிக் குழப்பம் அதிகம். ஒன்டாரியோவில் உரிமம் இல்லாமல் ‘தொழில்முறைப் பொறியாளர்’ என்று போட்டுக்கொள்ள முடியாது. ஆனால் உரிமம் பெற்ற ஒருவரின் பொறுப்பின்கீழ் வடிவமைப்பு, வரைவு, தரக்கட்டுப்பாடு, திட்ட ஒருங்கிணைப்பு போன்ற வேலைகளைச் செய்யத் தடையில்லை. மென்பொருள் எழுத உரிமமே வேண்டாம். முன்பு உரிமத்துக்குக் கேட்கப்பட்ட 12 மாதக் கனடிய அனுபவத்தை ஒன்டாரியோப் பொறியாளர் அமைப்பு 2023 மே மாதம் கைவிட்டது. பழைய காணொளிகளைப் பார்த்துவிட்டு ‘அங்கே அனுபவம் இல்லாமல் முடியாது’ என்று ஒதுங்கியவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செவிலியர்கள் புறப்படும் முன்பே பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவிலும் பயன்படும் என்கிளெக்ஸ் தேர்வே 2015 முதல் ஒன்டாரியோவிலும் தகுதித் தேர்வு. மருத்துவர்களின் பாதை மிக நீளம்: தகுதித் தேர்வுகள், பிறகு பயிற்சி இடத்துக்கான நாடு தழுவிய பொருத்தல் சுற்று. வெளிநாட்டில் படித்தவர்களுக்கு அதில் இடம் குறைவு. நாற்பது வயது மருத்துவர் ஒருவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் கிளினிக்கை மூடிவிட்டுக் கிளம்புவதைப் போல வருத்தம் தருவது வேறில்லை.

பயோடேட்டாவும் ரெஸ்யூமும்

நம் ஊர்ப் பயோடேட்டாவில் தந்தை பெயர், பிறந்த தேதி, திருமண நிலை, புகைப்படம் எல்லாம் இருக்கும். கீழே ‘மேற்கண்டவை உண்மை’ என்று உறுதிமொழியும் கையெழுத்தும் வரும். கனடிய ரெஸ்யூமில் இவை ஒன்றுமே கூடாது. ஆளெடுப்பில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் மனித உரிமைச் சட்டம் இருப்பதால் வயதும் படமும் உள்ள தாளை அங்குள்ளவர்கள் கையில் வாங்கவே தயங்குவார்கள். அளவு இரண்டு பக்கம்.

எழுதும் விதமும் மாற வேண்டும். கோயம்புத்தூர் நூற்பாலை ஒன்றின் கணக்காளர் ‘கணக்குகளைப் பராமரிக்கும் பொறுப்பு’ என்று எழுதினால் அங்கே யாருக்கும் எதுவும் புரியாது. மாதம் எத்தனை பில், எத்தனை சப்ளையர், மாத முடிவுக் கணக்கை எத்தனை நாளில் மூடினார், எந்த மென்பொருளில், தணிக்கையில் என்ன பிழை கண்டுபிடித்தார் என்று எழுதினால் அதே ஆள் வேறொருவராகத் தெரிவார். டேலி தெரிந்தவர் குயிக்புக்ஸையும் ஊரிலேயே பழகிவிட்டுப் போகலாம். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ரெஸ்யூமைத் திருத்தியாக வேண்டும். ஒரே தாளை நூறு இடத்துக்கு அனுப்பினால் பதில் வராது.

அங்கே பல வேலைகள் விளம்பரத்துக்கு வரும் முன்பே தெரிந்தவர் மூலம் நிரம்பிவிடுகின்றன. நமக்கு இது சிபாரிசு போலத் தோன்றும். உண்மையில், அதே துறையில் இருக்கும் ஒருவரிடம் இருபது நிமிடம் கேட்டு, அவருடைய வேலை எப்படி நடக்கிறது என்று விசாரிப்பது அங்கே இயல்பான பழக்கம். அப்போது வேலை கேட்கக் கூடாது. பேசியவர் நினைவில் வைத்திருந்தால் பிறகு அவரே அழைப்பார். நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கு அரசு நிதியில் இயங்கும் குடியமர்வு அமைப்புகள் ரெஸ்யூம் திருத்தம், நேர்காணல் பயிற்சி, துறை வழிகாட்டி ஆகியவற்றை இலவசமாகத் தருகின்றன. காசு கொடுத்துப் பயிற்சி வகுப்பில் சேரும் முன் இவற்றின் கதவைத் தட்டுவதே சரி.

இறங்கிய பிறகு

சமூகக் காப்பீட்டு எண் இல்லாமல் சம்பளம் வாங்க முடியாது. ஒன்பது இலக்கம், கட்டணம் இல்லை. மருத்துவக் காப்பீட்டுக்கு ஒன்டாரியோவில் இப்போது காத்திருப்பு இல்லை, பிரிட்டிஷ் கொலம்பியாவில் உண்டு. வாடகைக்கு ஒன்டாரியோவில் கடைசி மாத வாடகையை மட்டுமே முன்பணமாகக் கேட்கலாம். ஆறு மாதம் முன்கூட்டிக் கேட்பது சட்டப்படி செல்லாது.

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் தமிழ்க் கடையும் கோயிலும் தமிழர் வீட்டு பேஸ்மென்ட் வாடகையும் எளிதில் கிடைக்கும். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் அந்த வாழ்வைக் கட்டியெழுப்பினார்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 பேர் அவர்களில் அடக்கம். எந்தப் புள்ளியும் இல்லாமல் வந்து, உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்து அவர்கள் உண்டாக்கிய இடம் அது. புதிதாக வருபவருக்கு முதல் வீடும் முதல் சம்பளமும் அங்கே கிடைக்கலாம். சொந்தத் துறையில் நுழைய மட்டும் அந்தத் தெருவைத் தாண்டிப் போயே ஆக வேண்டும்.

அந்த முதல் சம்பளம் பெரும்பாலும் ‘சர்வைவல் ஜாப்’ எனப்படும் பிழைப்பு வேலையில் வரும்: கிடங்கு, கடை, காவல், சமையலறை. ஒன்டாரியோவில் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபரில் மணிக்கு 17.60 டாலர் ஆனது. இந்த வேலையில் இழிவு ஒன்றுமில்லை, வாடகை கட்ட அது வேண்டும். ஆபத்து, அந்த வேலையின் நேரத்தில்தான் இருக்கிறது. வாரம் ஐந்து நாளும் பகல் ஷிப்ட் எடுத்தவருக்கு, ஒன்பது மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே வரும் நேர்காணல் அழைப்பை எடுக்க வழியில்லை. மாலையோ வார இறுதியோ வேலை எடுத்து, பகலில் இரண்டு நாளையாவது தன் துறைக்காக ஒதுக்கி வைத்தவர்கள் இதிலிருந்து வெளியே வருகிறார்கள். இத்தகைய வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளுக்கு ஒன்டாரியோவில் 2024 ஜூலை முதல் உரிமம் கட்டாயம். வேலைக்கு அனுப்ப அவை தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

கூடவே வரும் துணைவருடைய தொழிலைக் குடும்பங்கள் அநேகமாக மறந்துவிடுகின்றன. முதன்மை விண்ணப்பதாரர் கணவராக இருந்தால் மனைவியின் சான்றிதழ்கள் பெட்டியின் அடியில் கிடக்கும். ‘முதலில் இவர் நிலைபெறட்டும்’ என்று தொடங்கும் காத்திருப்பு பல ஆண்டுகள் நீள்கிறது. துணைவரின் கல்வி அறிக்கைக்கும் மொழித் தேர்வுக்கும் புள்ளி உண்டு என்பது ஒருபுறம். அவருடைய டிரான்ஸ்கிரிப்டும் அனுபவக் கடிதமும் ஊரிலேயே தயாராக இருந்தால், அங்கே முதலில் வேலை அவருக்கே கிடைக்கவும் கூடும். எனவே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போகும் நாளில் இரண்டு பேருக்கும் சேர்த்தே விண்ணப்பிக்க வேண்டும்.