அளநாட்டுச் செப்பேடும் க்ளூனி சாசனமும்: இடைக்காலத்தில் கொடை, சமயம், அதிகாரம்

இடைக்கால ஐரோப்பாவைப் பற்றிய விவாதங்கள் பிரபு, பண்ணையடிமை, பாதிரியார் என்ற மூவரைச் சுற்றியே பெரிதும் நடந்தன. இந்தியாவிலும் அதே மூவரைத் தேடிய வரலாற்றாசிரியர்கள் உண்டு. ஆர். எஸ். சர்மா 1965இல் வெளியிட்ட நூலில் இந்திய நிலமானியத்தின் வேரைப் பிராமணர்களுக்கும் கோயில்களுக்கும் வழங்கப்பட்ட நிலக்கொடைகளில் கண்டார். வரி வாங்கும் உரிமையும் நீதி வழங்கும் உரிமையும் கொடையோடு சேர்ந்து கைமாறியதால் அரசு உள்ளிருந்தே சிதறியது என்பது அவர் வாதம். ஹர்பன்ஸ் முகியா 1981இல் அதை மறுத்தார். அதற்கு ஓராண்டு முன்பே பர்ட்டன் ஸ்டைன், தென்னிந்தியாவுக்கு வேறொரு சட்டகத்தை முன்வைத்திருந்தார். இவ்விவாதத்தில் சோழநாட்டுச் சான்றுகள் பேசிய அளவுக்குப் பாண்டிநாட்டு மேற்கெல்லை பேசவில்லை. அவ்வெல்லையிலுள்ள கம்பம் பள்ளத்தாக்கின் சான்றுகள் அளவில் சிறியவை. ஆயினும் ஐரோப்பாவோடு ஒப்பிட அவற்றைவிடப் பொருத்தமானவை வேறில்லை என்று கருதுகிறேன். காரணம், காலப் பொருத்தம்.

அப்பள்ளத்தாக்கிலுள்ள சின்னமனூரில் கிடைத்த பெரிய செப்பேடு மூன்றாம் இராசசிம்மன் என்றும் இரண்டாம் இராசசிம்மன் என்றும் நூல்களில் குறிக்கப்படும் பாண்டிய அரசன் மாறவர்ம இராசசிம்மனுடையது. அவனது 16ஆம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்டது. ஆட்சித் தொடக்கத்தைச் சுமார் 900 என்று கொண்டால், செப்பேடு 916ஐ ஒட்டியது. பர்கண்டிப் பகுதியில் அக்விதேன் கோமகன் வில்லியம், க்ளூனி என்ற தன் ஊரைத் துறவிகளுக்கு எழுதிக் கொடுத்தது 910இல். பத்தாண்டு இடைவெளிக்குள், ஒருவரையொருவர் அறியாத இரு ஆட்சியாளர்கள் நிலத்தைச் சமயத்தாருக்குக் கொடுத்து, கொடையை எழுத்தில் நிறுத்தினார்கள். செயல் ஒன்றே, அதிலிருந்து விளைந்த சமூகங்கள் வேறு. ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

க்ளூனி சாசனத்தில் வியக்கத்தக்கது, கொடுப்பவர் தம்மையே விலக்கிக்கொள்ளும் முறை. வயல், திராட்சைத் தோட்டம், காடு, நீர், ஆலை, அங்கு வேலை செய்யும் அடிமை ஆண் பெண் அனைவரும் பேதுரு, பவுல் என்ற திருத்தூதர்களுக்கு உரிமையாகின்றனர். இனி அரசனோ ஆயரோ கோமகனின் உறவினரோ கோமகனோ கூட அதில் கைவைக்கலாகாது. துறவிகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பத்து நாணயம் உரோமைக்கு விளக்கேற்றும் செலவுக்காக அனுப்பினால் போதும். மீறுபவர்மீது சாபங்கள் அடுக்கப்படுகின்றன. அரசர்களின் கை தளர்ந்திருந்த நாட்டில் நிலத்துக்குக் காவல் வேண்டும் என்றபோது, கோமகன் அக்காவலைத் தொலைதூர உரோமையின் பெயரில் வைத்தார். முதல் மடத்தலைவர் பெர்னோவுக்குப் பின் இரு நூற்றாண்டுகளில் க்ளூனி நூற்றுக்கணக்கான மடங்களைத் தன் ஆளுகைக்குள் கொண்ட பேரமைப்பாயிற்று.

இராசசிம்மன் இப்படித் தன்னை விலக்கிக்கொள்ளவில்லை. அளநாடு என்ற நாட்டுப் பிரிவைச் சேர்ந்த நற்செய்கைப்புத்தூர் என்ற ஊர், மந்தரகௌரவமங்கலம் எனப் பெயர் மாற்றப்பட்டுப் பிரமதேயமாகிறது, அதாவது பிராமணருக்கான கொடையூராகிறது. உழவைச் சொல்லும் பழம்பெயர் போய் அரசனின் விருதுப்பெயர் வந்து அமர்கிறது. செப்பேட்டின் சமஸ்கிருதப் பகுதி கிரந்தத்திலும் தமிழ்ப்பகுதி வட்டெழுத்திலும் அமைந்துள்ளன. ஊர் கொடுத்த செய்திக்கு முன்னால் நீண்ட பாண்டியர் பெருமை வருகிறது: இந்திரனோடு அரியணை பகிர்ந்தது, மலையில் கயல் பொறித்தது, மகாபாரதத்தைத் தமிழாக்கியது, மதுரையில் சங்கம் வைத்தது, பிறகு இராசசிம்மன் தஞ்சை அரசனோடும் கொடும்பை, வஞ்சி ஆகிய இடங்களிலும் செய்த போர்கள். ஃபிராங்கு அரசர்கள் தங்கள் குலத்தை டிராய் நகரத்தோடு இணைத்த 7ஆம் நூற்றாண்டுக் கதையை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் க்ளூனி சாசனத்தில் கோமகனின் குலப்பெருமைக்கு இடமில்லை. அவர் ஆன்மாவின் கதியே அங்கு பேச்சு. சின்னமனூரில் நிலம் கைமாறும் ஒவ்வொரு தடவையும் அரசகுலம் முழுவதும் அந்த ஊருக்குள் வந்து நிற்கிறது. எல்லைப்புறப் பள்ளத்தாக்கில், மேற்கே சேரநாட்டு மலைவழி திறந்துகிடக்கும் இடத்தில், இது அரசு சிதறும் காட்சியன்று. அரசு ஊன்றும் காட்சி. சர்மாவின் வாதம் இங்கு பொருந்தாமல் போவது இதனால்தான்.

சின்னமனூரின் பழம்பெயர் அரிகேசரிநல்லூர், கோயில் இராசசிம்மேச்சுரம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊர், கோயில், கொடை மூன்றும் பாண்டியப் பெயர்களைத் தாங்குகின்றன.

இனி, அதிகம் கவனிக்கப்படாத மறுபக்கம். சின்னமனூரிலிருந்து சில கல் தொலைவில் உத்தமபாளையத்தில், இன்று கருப்பணசாமி பாறை என்று வழங்கும் பாறையில், தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. கீழே வட்டெழுத்து. அச்சணந்தி என்ற சமண ஆசிரியரின் பெயர் இங்கும் இருக்கிறது. ஆனைமலை, அழகர்மலை, ஐவர்மலை என்று பாண்டிநாடெங்கும் அவர் பெயரைக் காண்கிறோம். செதுக்குவித்தவர்கள் துறவிகளும் அவர்களைப் போற்றிய இல்லறத்தாரும். கொடை என்பது பெரும்பாலும் விளக்குக்கும் வழிபாட்டுக்குமான காசு. பழனிக்கருகே ஐவர்மலையில், பாண்டியன் வரகுணன் காலத்தில், சக ஆண்டு 792இல் (அதாவது 870இல்), குணவீரரின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் உருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து 505 காணம் பொன் வைத்தார். சமணரைப் பாண்டியன் 7ஆம் நூற்றாண்டிலேயே துடைத்தெறிந்தான் என்ற புராண நினைவோடு இந்தப் பாறைகள் ஒத்துப்போகவில்லை. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் உளிகள் ஓய்வின்றி வேலை செய்தன.

வைதிகப் பெருமை ததும்பும் சின்னமனூர்ச் செப்பேடே, இராசசிம்மன் பிரமதேயங்களோடும் கோயில்களுக்கான தேவதானங்களோடும் பள்ளிச்சந்தங்களையும் அளித்தான் என்று சொல்கிறது. பள்ளிச்சந்தம் என்பது சமண, பௌத்தப் பள்ளிகளுக்கான நிலம். பிராமணருக்குக் கொடுத்த பத்திரத்திலேயே சமணருக்குக் கொடுத்ததும் அரசனின் பெருமையாக எண்ணப்பட்டிருக்கிறது. இதைச் சமயப் பொறை என்று புகழ்ந்து கடப்பது எளிது. அதைவிட முக்கியமானது இதன் அமைப்பு. மேற்கு ஐரோப்பாவில் திருச்சபை ஒன்றாகவும் அதிகாரத்துக்குப் போட்டியிட்டோர் பலராகவும் இருந்தனர். ஆகவே ஆயரை நியமிப்பது யார் என்ற கேள்வி 1075 முதல் 1122இல் வோர்ம்ஸ் உடன்படிக்கை வரை போப்பையும் பேரரசரையும் மோதவிட்டது. அம்மோதலில் செருமானிய அரசர் நான்காம் ஹென்றி 1077 சனவரியில் கனோசா கோட்டை வாசலில் மன்னிப்புக்காகப் பனியில் நின்றார். மாற்றுச் சமயப் போக்கினர்மீது 1209 முதல் இருபதாண்டுகள் தெற்குப் பிரான்சில் சிலுவைப்போர் நடந்தது. பாண்டிநாட்டில் கொடுக்கும் இடம் ஒன்று. பெறும் சமயங்கள் பல. அரசனை விலக்கிவைக்கும் தலைமைக்குரு எவரும் இல்லை. எனவே கனோசாவுக்கு இணையான நிகழ்ச்சி மதுரையில் நடந்திருக்க வழியில்லை.

அப்படியானால் அரசனைக் கட்டுப்படுத்தியது எது? வேள்விக்குடிச் செப்பேடு தெளிவான விடை தருகிறது. சுமார் 770இல் பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் மதுரையில் உலாவரும்போது, தன் முன்னோர்க்குப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி கொடுத்த ஊரைக் களப்பிரர் பறித்தனர் என்று ஒரு பிராமணர் முறையிட்டார். அரசன் உடனே கொடுத்துவிடவில்லை. பழைய உரிமையை நாட்டாரை, அதாவது அப்பகுதி நிலவுடைமையாளரின் அவையைக் கொண்டு நிறுவச் சொன்னான். நாடு சான்று சொன்ன பிறகே ஊர் திரும்பியது. கொடைநிலத்தின் எல்லையைப் பெண்யானையை நடத்திச் சுற்றி வந்து, கல்லும் கள்ளியும் நட்டு அடையாளமிடும் வழக்கத்திலும் நாட்டாரே உடன் நடந்தனர். க்ளூனியில் காவலாக உரோமை இருந்த இடத்தில், இங்கே நிலவுடைமையாளரின் நாடு இருந்தது. வரலாற்றாசிரியர்களான சுப்பராயலுவும் கராஷிமாவும் சோழநாட்டுக் கல்வெட்டுகளிலிருந்து நாட்டின் வலுவைக் காட்டியுள்ளனர். பாண்டிநாட்டில் அது அரசனுக்கும் சமயத்துக்கும் இடையே சான்றாளராக நின்றது என்பதையும் அதோடு சேர்க்க வேண்டும்.

இந்த நாட்டை மக்களாட்சியின் முன்னோடி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. பாண்டியர் செப்பேடுகள் மீயாட்சி, காராண்மை என்று மேலுரிமையையும் பயிரிடும் உரிமையையும் பிரித்துப் பேசுகின்றன. கொடை சிலவேளை இரண்டையும் சேர்த்தே கொண்டுபோனது. அப்போது ஏர் பிடித்தவனின் நிலை என்ன ஆனது என்று செப்பேடு சொல்வதில்லை. க்ளூனி சாசனம் பண்ணையடிமைகளைச் சொத்தோடு சொத்தாக எண்ணுகிறது. அந்தக் கொடுமையாவது பதிவாகியிருக்கிறது. அளநாட்டின் உழவர் எழுத்துக்கே வரவில்லை. எல்லையை நடந்து காட்டியவர்களும் அவர்கள் அல்லர். இரு சமூகங்களிலும் தானத்தின் புண்ணியம் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் போயிற்று. உழைப்பு மட்டும் மற்றவர்களுடையது.

இன்னொன்று. உத்தமபாளையத்துப் பாறை பின்னாளில் கருப்பணசாமியின் இடமாக மாற, சின்னமனூர்க் கோயில் தொடர்ந்து சிவன்கோயிலாகவே நின்றது. நிலத்தின்மேல் வேரூன்றிய கொடை நீண்டது, இத்தகைய பாறைகளுக்குக் காசாக வந்த விளக்குக்கொடை வழிபடுவோர் குறைந்ததும் அணைந்தது என்பது என் கருத்து. சமணத்தின் ஒடுக்கத்துக்குத் துன்புறுத்தலைத் தேடுவதற்கு முன், கொடையின் வடிவத்தை ஆராய வேண்டும்.

இராசசிம்மன் நிலைக்கவில்லை. முதற் பராந்தக சோழனிடம் தோற்று ஈழத்துக்குச் சென்று, முடியை அங்கே விட்டுவிட்டுச் சேரநாடு புகுந்தான். அது அவன் தாய் வானவன்மாதேவி பிறந்த நாடு. மதுரைக்கருகே ஆனைமலையில் பராந்தகனின் 33ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு வந்துவிட்டது. ஆனால் அரசன் மாறியதும் இராசசிம்மேச்சுரம் பெயர் மாறிவிடவில்லை. அரிகேசரிநல்லூர் அளநாட்டுப் பிரமதேயமாகவே பின்வந்த கல்வெட்டுகளிலும் எழுதப்பட்டது.