மாஸ்டர் கன்ட்ரோல் – ரூட்டர் இணைப்பு

ஒளிபரப்பு நிலையத்தின் கலையகம், வீடியோ டேப், செய்மதி, வெளிக்கள வண்டி ஆகியவற்றிலிருந்து வரும் படங்களுள் நேயருக்குச் செல்ல வேண்டியதைத் தெரிவுசெய்யும் இடம் மாஸ்டர் கன்ட்ரோல். அதன் சுவிட்சரில் உள்ளீடுகள் குறைவு. எனவே எல்லா வழிகளும் முதலில் ரூட்டரில் சேர்கின்றன. அடுத்த நிகழ்ச்சிக்குரிய வழியை ரூட்டரிடம் கேட்டுப் பெற்று, அது வந்துவிட்டதை உறுதிசெய்த பின்பே சுவிட்சர் அதனைக் காற்றில் விடுகிறது.

தொடக்க காலத்தில் இதைப் பேட்ச் பேனலில் கையால் கேபிள் செருகியே செய்தனர்.

இலங்கையில் தொலைக்காட்சியின் தொடக்கத்தைச் சிலர் 1979 ஏப்ரல் 13 இல் சுயாதீனத் தொலைக்காட்சி தொடங்கிய நாளிலிருந்து கணக்கிடுவர். நாடு முழுவதற்குமான சேவையையே தொடக்கமாகக் கொள்வோர், ஜப்பானிய உதவியுடன் அமைந்த ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கிய 1982 பெப்ரவரி 15 ஐக் குறிப்பர். இரண்டுமே அனலாக் காலத்துப் பிறப்புகள்.

இவ்விணைப்பின் நுட்பம் முழுவதும் வெளிப்பட்டது அக்காலத்திலேதான். இலங்கை பின்பற்றிய 625 வரி பால் முறையில் செக்கனுக்கு 50 புலங்கள். ஒரு புலம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் 25 வரி நேரம், அதாவது 1.6 மில்லி செக்கன், திரையில் படம் இருக்காது. ரூட்டர் அந்த இடைவெளிக்குள் வழியை மாற்றிவிட வேண்டும்; தவறினால் திரையில் படம் துள்ளும். அதற்காக நிலையத்தின் கருவிகள் யாவும் ஒரே ஒத்திசைவுச் சமிக்ஞைக்குக் கட்டுப்பட்டன. கேபிளின் நீளமும் கணக்கில் வந்தது. ஒரு மீட்டர் கோஎக்சியல் கேபிள் ஏறத்தாழ 5 நானோ செக்கன் தாமதம் தரும்; 4.43 மெகாஹேர்ட்ஸ் நிறச் சமிக்ஞையில் அது 8 பாகையளவு விலகல். ஆகவே கிட்டவிருக்கும் கருவிக்கும் தூரத்துக் கருவிக்குரிய நீளத்தில் கேபிள் வெட்டி, மிஞ்சியதைச் சுருட்டி அலுமாரியின் பின்னே கட்டிவைத்தனர். நேயர் ஒருநாளும் காணாத அந்தச் சுருள்களில்தான் படத்தின் நிறம் தங்கியிருந்தது.

ரூட்டர் பழுதானால் என்ன செய்வது என்பதில் பொறியியலாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. முக்கிய வழிகளை நேரடியாகச் சுவிட்சருக்கே இழுத்துவிட வேண்டும் என்பர் ஒரு சாரார்; இரண்டாவது ரூட்டரே போதும் என்பர் மற்றவர். சிறு நிலையங்களுக்கு முதல் வழியே பொருத்தமெனத் தோன்றுகிறது.

270 மெகாபிட் டிஜிட்டல் இணைப்பு வந்தபின் கேபிள் சுருள்களின் தேவை பெரும்பாலும் நீங்கியது. 1998 இல் உயர்தெளிவுப் படத்துக்கு 1.485 கிகாபிட் தரம் வகுக்கப்பட்டது. 2017 இல் வெளிவந்த எஸ்டி 2110 தரத்தில் படம் வலையமைப்புப் பொதிகளாகச் செல்கிறது. அங்கு வலையமைப்பு சுவிட்சே ரூட்டர். தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்புக்கு இலங்கை 2014 இல் ஜப்பானிய முறையைத் தெரிவுசெய்தது.

மாஸ்டர் கன்ட்ரோலிலிருந்து வெளியேறும் வழி ஒன்றாயிருக்கும்வரை தீவு முழுவதும் ஒரே நொடியில் ஒரே படத்தையே காண்கிறது. சூரியனுக்கு அந்த ஒழுங்கு இல்லை. கல்முனை, மாவடிப்பள்ளிப் பகுதிகளில் சூரியன் மறையும் மஃரிப் வேளை கொழும்பைவிட ஏறத்தாழ 8 நிமிடம் முந்தி வருகிறது. ஆகவே நோன்பு மாதத்தில் கொழும்பு நேரத்துக்குத் திரையில் பாங்கு ஒலிக்கும்போது இங்கே ஊர்ப் பள்ளிவாசலின் பாங்கோடு நோன்பு துறந்து முடிந்திருக்கும்.