ஒற்றைத் தலைவலி: காரணமும் நோயறிதலும்

ஸ்கேன் இயல்பாக உள்ளது என்பதால் உங்கள் வலி பொய்யாகிவிடாது. ஒற்றைத் தலைவலியை உறுதிசெய்யும் ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோ இன்றுவரை இல்லை. நீங்கள் கூறும் விவரங்களைக் கொண்டே மருத்துவர் அதனைக் கண்டறிகிறார். இரத்தக் குழாய்கள் விரிவதே காரணம் என நெடுங்காலம் கருதப்பட்டது. வலியின்போது நரம்புகள் வெளியிடும் சி.ஜி.ஆர்.பி. என்னும் பெப்டைடு, கழுத்துச் சிரை இரத்தத்தில் மிகுவதை 1990-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

வலி வந்த நாள், நீடித்த நேரம், குமட்டல், ஒளிக்கூச்சம், உட்கொண்ட மாத்திரை ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். மாத்திரைக் கணக்கை மறைக்க வேண்டாம். சாதாரண வலிநிவாரணியையே மாதத்தில் 15 நாட்களுக்குக் குறையாமல், மூன்று மாதங்களுக்கு மேல் உட்கொண்டால், அதுவே தலைவலியை உண்டாக்கக்கூடும்.

திடீரென உச்சத்தை எட்டும் வலி, காய்ச்சலுடன் கழுத்து இறுக்கம், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் இருப்பின் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.