குடியினின்று மீள்வோர் கூட்டங்களின் சரித்திரம்

நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றில் குடியால் நேர்ந்த அல்லலை நேயர்கள் அறிவார்கள். "குடியை விட்டவர்கள் கூடும் கூட்டங்கள் உண்டென்கிறார்களே, அவற்றுள் எதற்குச் செல்வது?" என்று அவர்களுட் சிலர் எம்மை வினவியதுண்டு. அவ்வினாவிற்கு விடை அக்கூட்டங்களின் சரித்திரத்திலேயே அடங்கியிருத்தலின், அதனை ஈண்டுச் சுருக்கி எழுதுவாம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் பால்டிமோர் என்னும் நகரிலே, 1840ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், மதுக்கடையொன்றில் வழக்கமாய்க் கூடிவந்த அறுவர், இனிக் குடிப்பதில்லையெனப் பிரமாணஞ் செய்து ஒரு சங்கம் அமைத்தனர். அந்நாட்டு முதல் ஜனாதிபதியாகிய வாஷிங்டன் பெயரை அதற்கு இட்டனர். அதற்குமுன் மதுவிலக்கைப் போதித்தோர் பெரும்பாலும் பாதிரிமார்களும் கனவான்களுமே. குடியில் மூழ்கியவன் திருந்தான் என்பது அவருட் பலர் கருத்து. இவ்வறுவரோ பிரசங்கம் செய்யாது தத்தம் கதையைக் கூறினர். ஒவ்வொருவரும் மற்றொருவரை அழைத்துவர முயன்றனர். அடுத்த ஆண்டிலேயே மகளிர்க்கென மார்த்தா வாஷிங்டன் சங்கங்களும் எழுந்தன. பின்னாளில் ஜனாதிபதியான ஆபிரகாம் லிங்கன், 1842 பிப்ரவரி 22ஆம் நாள் ஸ்பிரிங்பீல்டில் இச்சங்கத்தார் முன் பேசுகையில், குடித்து மீண்டவன் சொல்லுக்குள்ள வலிமையை வியந்து கூறினார். ஆயினும் பத்தாண்டிற்குள் அவ்வியக்கம் தளர்ந்தொழிந்தது. அரசியலும் மதுவிலக்குச் சட்ட வாதமும் உட்புகுந்தமை அதற்கொரு காரணம் என்பர்.

பின் ஏறக்குறைய நூறாண்டு சென்றது. நியூயார்க் பங்குத்தரகர் பில் வில்சன் என்பார் 1935 மே மாதத்தில் வியாபார நிமித்தம் அக்ரன் நகர் சென்று, வந்த காரியம் கைகூடாமல் ஓட்டல் கூடத்தில் தனியே நின்றார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன; பக்கத்து மதுக்கூடம் அவரை ஈர்த்தது. தம்மைக் காத்துக்கொள்ள மற்றொரு குடிகாரரிடம் பேசவேண்டுமென்று உணர்ந்த அவர், பாதிரியார் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார். அவ்வழியே அவ்வூர் வைத்தியர் ராபர்ட் ஸ்மித்தைச் சந்தித்தார். கால்மணி நேரமே இருப்பேனென்று வந்த வைத்தியர் பல மணி நேரம் பேசியிருந்தார். அவ்வைத்தியர் இறுதியாகக் குடித்த 1935 ஜூன் 10ஆம் நாளையே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் இயக்கத்தின் பிறந்தநாளாகக் கொள்வர். நேயர்கள் கவனிக்க: வில்சன் உபதேசிக்கச் செல்லவில்லை, உதவி வேண்டியே சென்றார்.

ஆனால் அக்ரனிற் கூடியவர்கள் 'ஆக்ஸ்போர்டு குரூப்' என்ற கிறிஸ்தவ எழுச்சிக் கூட்டத்தோடு ஒட்டியிருந்தனர். பக்கத்து கிளீவ்லாந்து நகரத்தினின்று வந்த கத்தோலிக்கர்க்கு அம்முறை தம் சமயத்தோடு ஒவ்வாததாயிற்று. குடியை விடுவதா, கோயிலை விடுவதா என்னும் சங்கடம் அவர்க்கு! எனவே 1939 மே மாதத்தில் கிளீவ்லாந்தார் தனியே பிரிந்து கூடினர். பிரிந்ததனால் இயக்கம் குன்றவில்லை. சில மாதங்களிற் பன்மடங்கு பெருகிற்று. 1945இல் வாஷிங்டன் நகரக் கறுப்பின மக்கள் தமக்கென ஒரு குழு அமைத்தனர். ஆண்கள் மிகுந்த கூட்டங்களில் வாய்திறக்க இயலாத பெண்டிர்க்காக ஜீன் கிர்க்பாட்ரிக் என்னும் அம்மையார் 1970களில் வேறோர் அமைப்பே கண்டார். முதலிற் சென்ற கூட்டம் ஒவ்வாமற் போனதைத் தம் தோல்வியென்று கொள்ளாமல் வேறிடம் தேடியவர்களால் வளர்ந்ததே இச்சரித்திரம்.

தொடக்கத்தில் குழுக்கள் பலவும் இன்னாரைச் சேர்ப்பதில்லையென விதிகள் வகுத்திருந்தன. அவற்றையெல்லாம் ஒருங்கு திரட்டிப் பார்த்தபோது, அவ்விதிகளின்படி எவருமே சேர்ந்திருக்க முடியாதென்பது தெரிந்ததாம்! குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே போதும் என்னும் விதி, 1950இல் கிளீவ்லாந்து மாநாடு ஏற்ற பன்னிரண்டு மரபுகளுள் ஒன்று. கட்டணமில்லை; முழுப்பெயர் கூறவேண்டுவதில்லை.

இனி நம்மவர்க்கு. திறந்த கூட்டத்திற்கு எவரும் செல்லலாம். மூடிய கூட்டம் குடிப்பழக்கமுடையார்க்கு மட்டுமே. ஆதலின் முதன்முறை மனைவியோ தமையனோ உடன்செல்ல விரும்பின் திறந்த கூட்டத்தை விசாரித்தறிக. பேச விருப்பமில்லாதவர் வாளா கேட்டிருக்கலாம். ஒரு கூட்டம் மனத்திற்குப் பொருந்தாவிடின் வேறு சிலவற்றையும் சென்று பார்த்தபின்னரே முடிவு செய்க. குடும்பத்தார்க்கென 1951இல் தோன்றிய 'அல்-அனான்' கூட்டங்கள் தனியே உண்டு. குடிப்பவர் வராவிடினும் அவர் இல்லத்தார் அங்குச் செல்லலாம். நாடோறும் மிகுதியாய்க் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் நேர்ந்து உயிர்க்கே கேடு வரலாம். அத்தகையோர் முதலில் வைத்தியரை நாடுதல் வேண்டும். சென்னையில் 1980இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம் போன்றவை இச்சிகிச்சைக்கென்றே ஏற்பட்டவை.

நம் சங்கத்தின் பெயராலேயே இத்தகைய கூட்டம் ஒன்று நடத்தலாகாதா என்பாருமுளர். கருத்து நன்றே. ஆனால் நம்முள் கூடுவோர் மாமனும் மைத்துனனும் சம்பந்தியுமாய் இருப்பர். நாளை பெண் கேட்டு வரக்கூடியவர் முன்னிலையில், சம்பளத்தைக் குடித்தழித்த கதையை ஒருவன் எங்ஙனம் வாய்விட்டுச் சொல்வான்? அவனுக்கு, முறைவைத்து அழைப்பார் ஒருவருமில்லாத அயற்றெருக் கூட்டமே ஏற்றதெனத் தோன்றுகிறது. சங்கம் செய்யத்தக்கது வேறு: அவன் மாலைதோறும் எங்குச் செல்கிறான் என்று நாம் வினவாதிருத்தல், நம் கலியாணப் பந்தல்களின் பின்புறத்தே புட்டிகள் புழங்குவதை வரும் தை மாத முகூர்த்தங்கள் முதலேனும் நிறுத்துதல்.